குட்டைக் கம்பும் நெட்டைக் கம்பும்

பியானோவின் மூடிக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கம்புகள் உண்டு. நெட்டைக் கம்பைக் கொடுத்தால் மூடி முழுசாகத் திறந்து, நாதம் கடைசி வரிசைவரை போகும். குட்டைக் கம்பைக் கொடுத்தால் பாதிச் சத்தம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பதினொரு வருஷமாக அண்ணன் வயலினும் தங்கை பியானோவுமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். பதினொரு வருஷமும் குட்டைக் கம்புதான். அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

அன்று நூலக மாடியில் மதியக் கச்சேரி. பக்கத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து உட்காருவார்கள். ஒன்றே முக்காலுக்கு முடிக்காவிட்டால், வாசிப்புக்கு நடுவிலேயே நாற்காலிகள் இழுபடத் தொடங்கிவிடும். அதனால் முதல் உருப்படியாக வைத்திருந்த சொனாட்டாவில் ‘மறுபடியும் வாசி’ என்று குறி போட்டிருக்கும் பகுதியைத் திருப்பி வாசிப்பதில்லை என்று ஒத்திகையிலேயே முடிவாகியிருந்தது. முடிவு செய்தவனும் அண்ணன்தான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா, சாப்பாட்டு இடைவேளையில் முதல்முறையாகக் கேட்க வருகிறாள். இருபது வருஷ இயந்திர இரைச்சலில் அம்மாவுக்குக் காது மந்தம். வேலைச் சீருடையோடு முன்வரிசையில் உட்காரு என்றால் தலைகீழாக நின்றாலும் உட்காரமாட்டாள். இன்றைக்கு மட்டும் நெட்டைக் கம்பு வைப்போமே என்றாள் தங்கை.

“வயலின் அமுங்கிடும். ஜனங்க அதைக் கேக்கத்தானே வர்றாங்க?” என்றான் அண்ணன்.

ஒத்து ஊதியே பழகியவள், அதற்குமேல் வாதாடவில்லை. வீட்டிலும் அதே கதைதானே. பியானோ வைக்க அங்கே இடம் கிடையாது. அவள் பழகியதெல்லாம் தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில். அம்மா இத்தனை காலம் கேட்டது வயலினை மட்டும். யார் விசாரித்தாலும், பையன் வயலின் வாசிக்கிறான், கூட அவன் தங்கச்சி வாசிக்குது என்பாள். பெற்ற மகள் தாய்க்கே மகனுடைய தங்கையாகிப் போனாள். அது அவளுக்கு வலித்தது. இன்றைக்காவது அம்மா காதில் விழவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

அம்மா வந்தாள். நினைத்த மாதிரியே கடைசி வரிசை, கதவோரம். மடியில் சாப்பாட்டு டப்பா, காதுக்குப் பின்னால் குவித்த கை.

முதல் சொனாட்டா நன்றாகத்தான் கிளம்பியது. அண்ணன் வாசித்தால் சும்மாவா, தேன்தான். அந்தப் பகுதி முடிந்தது. பேசி வைத்தபடி அவள் பக்கத்தைப் புரட்டி அடுத்த பகுதியைத் தொட்டாள். ஐயா என்ன செய்தார்? யார் யாருக்கோ சட்டம் போட்டவர், பழக்கதோஷத்தில் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை.

ஒரே ஒரு ஸ்வரம் இரண்டு பேருக்கும் ஒட்டாமல் நின்றது. அண்ணனின் முகம் வெளுத்தது. அவள் யோசிக்கவில்லை, யோசிக்க நேரமேது? அந்த ஸ்வரத்தையே படியாக்கி இறங்கி, ஆரம்பத்தில் இருந்த அவனோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். கண்ணெதிரே விரிந்திருந்தது வேறு பக்கம். நாலு பக்கத்துச் சங்கதியையும் மனப்பாடமாகவே வாசித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் மறைத்தாள். மண்டபத்தில் ஒருவர்கூட மெல்லுவதை நிறுத்தவில்லை.

முதல் சொனாட்டா முடிந்து கைதட்டல் வந்தது. அண்ணன் குனிந்து வணங்கினான். வழக்கமாக வில்லின் நுனியால் அவள் பக்கம் ஒரு சாடை காட்டுவான், அவ்வளவுதான். இன்று வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே பியானோவிடம் வந்தான். மூடியைத் தாங்கிப் பிடித்து, குட்டைக் கம்பை மடக்கி, நெட்டைக் கம்பை நிமிர்த்தினான்.

“வயலின் அமுங்கிடும்,” என்றாள் அவள் மெதுவாக. விடுவாளா?

“அமுங்கட்டும். என்னைக் காப்பாத்துனது யாருன்னு அம்மாவுக்குக் கேக்கட்டும்.”

இரண்டு விநாடி கழித்தே அவள் கை எழுந்தது. இரண்டாவது சொனாட்டா பியானோவில் தனியாகத் தொடங்கும். முதல் அடியிலேயே நாதம் புறப்பட்டுப் போனதை அவள் உணர்ந்தாள். பதினொரு வருஷத்தில் தன் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருவதை இன்றுதான் கேட்கிறாள். இது என்னுடையது என்று நினைத்தாள். வெட்கப்படாமல் நினைத்தாள். வயலின் வந்து சேர்ந்தபோது அது அமுங்கவும் இல்லை. அண்ணன் அவளுக்கு இடம்விட்டு வாசித்தான்.

மெதுவான பகுதியில் ஒருதரம் நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தாள். அம்மா காதிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

ஒன்று ஐம்பதுக்கு முடிந்தது. ஒரு நாற்காலிகூட இழுபடவில்லை. படியிறங்கும் கூட்டத்தில், அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த அலுவலகத்து அம்மாள் ஒருத்தி, மூவரும் நிற்பதைப் பார்த்து நின்றாள். வயலின் வாசித்தது உங்கள் பையனா என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் அவசரப்படவில்லை. டப்பாவை இடுக்கிக்கொண்டு, சோப்புக் காரத்தில் தடித்துப்போன கையால் மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

“பியானோ வாசிச்சாளே, அது என் பொண்ணு,” என்றாள், தன் காதுக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக. “வயலின் வாசிச்சது அவளோட அண்ணன்.”