கடித்துப் பார்த்த நெல்

பாபநாசம் ரோட்டு அரிசி ஆலையில் கல்யாணம் என்பவர் முதலாளியாக இருந்தவரை, அவர் வாய் திறக்காமல் ஒரு நெல்மணி நகராது. அவரால் நடத்த முடியாமல் போன ஆலையைச் சுற்றுவட்டார விவசாயிகள் கூட்டாக வாங்கி, நடத்துவதற்கு எழில்மொழியை அமர்த்தினார்கள். பட்டுக்கோட்டைப் பெண், வேளாண் பொறியியல் படித்தவள். வந்த அன்றே ஆட்களைக் கூட்டி, "தப்புன்னு பட்டா யார் வேணாலும் மெஷின நிறுத்தலாம். என்னைக் கேக்க வேணாம்," என்றாள். எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். அவர்களுக்குப் பழக்கப்பட்டது அது ஒன்றுதானே!

இரண்டு மாதம் யாரும் எதையும் நிறுத்தவில்லை. கடைசியில் நிறுத்தியவள் அம்சவல்லி. அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்பவள். அன்றைக்கென்று பார்த்துத் திருச்சி வியாபாரியின் லாரி வாசலில் காத்திருந்தது. நெல் அரைவைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினாள்.

"மேலதான் காஞ்சிருக்கு மேடம். உள்ள ஈரம் நிக்கிது."

எழில்மொழி ஈரம் பார்க்கும் கருவியில் நெல்லைப் போட்டாள். பதின்மூன்று சதவீதம் காட்டியது. சரியான அளவு. வெளியே டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். "கருவி சரின்னு சொல்லுதே அக்கா," என்று அவளே சுவிட்சைப் போட்டாள். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லி ஒதுங்கிக்கொண்டாள்.

பத்தே நாளில் மூட்டைகள் திரும்பி வந்தன. பிரித்தால் பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. அரிசி வாங்க மிச்சம் இருந்தது திருவாரூர் வியாபாரி ஜெய்னுலாபுதீன் ஒருவர்தான். அவரும் விலகினால் ஆலையைப் பூட்டிவிடுவதென்று விவசாயிகள் முடிவெடுத்தார்கள். பூட்டினால் முப்பது குடும்பத்துக்கு வேலை இல்லை.

எழில்மொழி அந்த எட்டுப் பேர் முன்னாலேயே, "தப்பு என்னுதுதான் அக்கா," என்றாள்.

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்சவல்லி நெல்லைக் கடிப்பதையே விட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் வாசலில் வந்து, "விடலாமா மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எழில்மொழிக்கு வசவைவிட வலித்தது. ஊரறியப் பிடுங்கியதை ஒரு மன்னிப்பில் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்ன?

ஜெய்னுலாபுதீனின் லாரி வந்த அன்றும் அம்சவல்லி வந்து நின்றாள்.

"அரைவைக்கு விடலாமா மேடம்?"

"எனக்குத் தெரியலக்கா."

"கருவி என்ன சொல்லுது?"

"பதிமூணு. அன்னிக்கும் பதிமூணுதான்."

போன் அடித்தது. எழில்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டி சும்மா நிக்கிதாமே, எப்பம்மா ஏத்துவீங்க?" என்றார் ஜெய்னுலாபுதீன்.

"டிரையர்ல அம்சவல்லின்னு ஒருத்தங்க இருக்காங்க பாய். அவங்க சொன்னாத்தான் ஏத்துவோம்."

"நீங்கதானே மேனேஜரு?"

"ஆமாங்க. நெல்லு காஞ்சிடுச்சான்னு சொல்ல வேண்டியது அவங்க."

"நாலு மணிக்குக் கிளம்பலேன்னா வண்டியக் காலியாத் திருப்பிக்குவேன். அப்புறம் என்னைக் கொற சொல்லக் கூடாது," என்று வைத்துவிட்டார்.

மணி மூன்றாகியிருந்தது. அம்சவல்லி எழில்மொழியை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டிரையரை நோக்கி நடந்தாள். பின்னாலேயே ஓட வேண்டும்போல இருந்தது எழில்மொழிக்கு. ஆனாலும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அம்சவல்லி திரும்பி வந்தாள். உதட்டில் உமி ஒட்டியிருந்தது. எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள இன்னும் காயல. ஆறு மணி ஆவும். அவருக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க."

எழில்மொழி போனை எடுத்தாள்.