முப்பத்தாறரை மடங்கு

2006ஆம் வருடம் ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் மயில்சாமி டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு வரத் தொடங்கினான். முதலில் வந்தது இடது குதிகால்.

போர்வெல் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவன் அவன். அங்கே மண் சரிந்ததில் வண்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பதினோராம் நாள், கடைசியாக ஏதாவது மெயில் போட்டிருப்பானோ என்று பரமத்தி வேலூர் வீட்டில் அவன் மனைவி நர்மதா கம்ப்யூட்டரைத் திறந்தாள். மோடம் எப்போதும்போல் கீச்சிட்டுக் கரகரத்தது. மெயில் வரவில்லை. மேசைக்கு அடியில் சிமெண்டுத் தரையில் குதிகால் இருந்தது. தொட்டால் சுட்டது. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்றிலிருந்து அவள் இணைப்பைத் துண்டிக்கவே இல்லை.

அந்த மோடத்தின் வேகம் நொடிக்கு ஐம்பத்தாறு கிலோபிட். அந்த வேகத்தில் ஒரு மனிதன் வர நாளாகும். பாதங்கள் முழுதாக வர மூன்று வருடம் ஆனது. ஆரம்பத்தில் ஜனங்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து பார்த்தார்கள். பிறகு வேலிக்கு அப்பால் நின்று, முட்டி வந்துவிட்டதா என்று விசாரிப்பதோடு சரி. இறப்புச் சான்றிதழ் விஷயமாக வந்த கிராம நிர்வாக அலுவலர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிப் போனார். அம்மா வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். உயிருள்ள இரண்டு காலை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்று நர்மதா கேட்டாள். 2011இல் ஒரு கரும்பு லாரி கம்பத்தில் மோதி மூன்று நாள் லைன் அறுந்தது. கால்கள் ஐஸாகக் குளிர்ந்தன. வலது கால் சுண்டுவிரல் மறைந்துபோனது, திரும்ப வரவில்லை.

இருபதாம் வருடத் தொடக்கத்தில் அவன் இடுப்புவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் செம்புக் கம்பி லைன்கள் எல்லாம் மூன்று மாதத்தில் நிறுத்தப்படும் என்று நோட்டீஸ் வந்தது. நர்மதா சோறு தண்ணியில்லாமல் அலைந்தாள். கலெக்டர் ஆபீஸில் மூன்று திங்கட்கிழமை மனு கொடுத்தாள். ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள், பல மடங்கு வேகம் என்றார்கள். போட்டும் பார்த்தாள். ஆனால் அந்தப் பக்கம் மயில்சாமி பிடித்திருந்தது செம்பை. கண்ணாடி இழை அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு மணி நேரத்தில் தொடை சில்லிட்டது. அலறி அடித்துப் பழைய வயரைச் சொருகி, இரண்டு கால்களையும் மடியில் கிடத்திச் சூடு வரும்வரை தேய்த்தாள்.

யாரோ சொல்லி, சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த பாலசுந்தரத்திடம் போனாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். முழுதும் கேட்டுவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். செம்பிலேயே ஓடுகிற ஈ-ஒன் லைன் என்று ஒன்று உண்டு. அறுபத்து நான்கு கிலோபிட் வழிகள் முப்பத்திரண்டு, ஆக இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. அதை ஐம்பத்தாறால் வகுத்தால் முப்பத்தாறரை மடங்கு.

"மூணு மாசத்துல ஒம்பது வருசத்து வரவு கெடைக்குமுங்க. ஆனா அவரு முழுசா வர இன்னும் பதினாறரை வருசம் வேணும்."

"அப்பத் தலைங்க?"

"தலை வராதுங்க."

நர்மதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "கையாச்சும் வருமுங்களா?"

அவர் மறுபடி வகுத்துப் பார்த்தார். "வெரல் வரைக்கும் வந்துருமுங்க. நெகம் சந்தேகந்தான்."

பாலசுந்தரம் பழைய சிநேகிதத்தில், அவள் ஊர் எக்ஸ்சேஞ்சில் தூசு படிந்து கிடந்த ஈ-ஒன் கார்டை உயிர்ப்பித்து, அவள் வீட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி இழுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் வருவது கண்ணுக்கே தெரிந்தது. வயிறு வந்தது, விலா வந்தது, இரண்டாம் மாதம் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. தோள் வந்ததும் கழுத்துக்குப் போகாமல் கைகள் இறங்கின. இன்னும் பத்து நாள் கொடுங்கள் என்று அவள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் போய் நின்றாள். அங்கே பூட்டும் சாவியும் தயாராக இருந்தன. கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு லைன் நின்றது. வலது கையில் ஐந்து நகமும் இடது கையில் மூன்றும் வந்திருந்தன.

அவள் பயந்தபடி உடம்பு குளிரவில்லை. மனிதனாக நிற்க அவ்வளவு போதுமாக இருந்திருக்க வேண்டும். மயில்சாமியின் கை காற்றில் தேடி அவள் முகத்தைத் தொட்டது. கன்னத்தில் நகர்ந்து, கண்ணோரச் சுருக்கத்துக்கு வந்ததும் நின்றது. அயலாள் முகத்தைத் தொட்டுவிட்டதுபோல் வெடுக்கென்று பின்வாங்கியது. நர்மதா அந்தக் கையை இழுத்துப் பிடித்து, உள்ளங்கையில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிறகு அவள் உள்ளங்கையில் மெதுவாக எழுதியது: எத்தனை வருசம்?

இருபது என்று எழுதினாள். அவன் அவள் கையைப் பிடித்தான். மறுநாள் வரை விடவில்லை.

போன மாதம் நர்மதாவின் மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்க இருவரும் நாமக்கல் போனார்கள். போனபோது இருந்த முப்பத்தொரு வயதிலேயே நின்றுவிட்ட கால்களோடு அவன்தான் அவளைத் தாங்கிப் பஸ்ஸில் ஏற்றினான். கூட்டமாக இருந்தது. கண்டக்டர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அவரைச் சித்தெ தள்ளி உக்காரச் சொல்லுங்க, இன்னொருத்தரு உக்காரட்டும்" என்றார். நர்மதா உள்ளங்கையில் எழுதினாள். மயில்சாமி ஜன்னல் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தான்.