அரிசிப் பானைக்குள் பனடோல்

கதிர்காமுவை ஓட்டோவிலிருந்து இறக்கிக் கட்டிலில் கிடத்திய கையோடு யோகம்மா கிணற்றடி வேம்புக்குப் போனாள். இரண்டு குழை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். தாளிதம் கூடாது என்று எண்ணெய்ப் போத்தலை மேல்தட்டில் ஏற்றினாள். மீன்காரனை ஒழுங்கை முகப்பிலேயே திருப்பி அனுப்பினாள். அம்மாள் வருத்தம் என்னும் அம்மை கண்ட வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்தாள்.

"எனக்கு வந்தது கான்சர். கொப்புளிப்பான் இல்லை," என்றார் கதிர்காமு.

"கான்சர் முந்தி வந்தது. இப்ப வந்திருக்கிறது அவ."

"பிளேனிலை அவவுக்கும் ரிக்கெற் எடுத்தனீரோ?"

"வாயைப் பொத்துங்கோ."

குதிக்காலில் கிடந்த கறுப்புப் புள்ளியைக் பனங்கருக்கு மட்டை கிழித்த வடு என்றுதான் இருவரும் நெடுநாள் நினைத்திருந்தார்கள். அது புற்றுநோய். வெட்டி எடுத்த பிறகும் தொடையில் கட்டிகள் கிளம்பின. இங்கே கையை விரித்துவிட்டார்கள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி புது ஊசி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறது என்று மகள் தாரிகா கனடாவிலிருந்து தேடிப் பிடித்தாள். பலாலியில் விமானம் ஏறிப் போய்க் கட்டிகளில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஊசி போடும் முன் அந்த டொக்டர் பெண் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். "உதட்டோரம் கொப்புளம் வரும் பாருங்க, அந்த வைரஸைத்தான் மாத்தி அமைச்சிருக்கோம். புற்றுநோய்க்குள்ள போய்ப் பெருகி அதை உடைக்கும். உடையறப்போ உடம்போட காவல்காரங்க முழிச்சுக்கிட்டு எதிரி யாருன்னு அடையாளம் கண்டுக்குவாங்க. காய்ச்சல் வரும், பயப்படாதீங்க."

கொப்புளம் என்ற இடத்திலேயே யோகம்மாவின் காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு காய்ச்சலுக்கு என்ன கொடுக்கலாம் என்று சொன்னது எதுவும் உள்ளே இறங்கவில்லை. அம்மாள் வந்தால் மருந்து கொடுப்பதில்லை. வந்தவளை உபசரிக்க வேண்டும். அவள் வந்த வேலையை முடித்துக்கொண்டு தானாகப் போவாள்.

அடுத்த நாள் விடியக் காய்ச்சல் தொடங்கியது.

"ஒரு பனடோல் தாரும்."

"முடிஞ்சுது."

முடியவில்லை. மாத்திரை மட்டையோடு அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தாள். கட்டியைத் தின்ன வந்தவளை அரைவாசியில் எழுப்பிக் கலைக்க அவளுக்கு மனமில்லை. இந்த மனுசன் பிழைக்க வேறு வழி கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் அவர் இன்னொரு தரம் கேட்டார். "கடைக்குச் சொல்லி விட்டிருக்கு," என்றாள். பொய்க்குமேல் பொய். வேப்பிலையால் வருடிக் கொடுத்தாள். போர்வைக்குமேல் போர்வை போட்டும் கட்டில் கிடுகிடுத்தது. தேர்மோமீற்றர் நூற்றிமூன்று காட்டியது. "வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறினதோ?" என்று அவர் கேட்டார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு வருசக்கணக்காகிறது.

பொழுது சாயும் நேரம் அவர் எதுவும் கேட்கவில்லை. பனடோலும் கேட்கவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. சென்னை டொக்டருக்கு அழைத்தாள்.

"இன்னுமா பாரசிட்டமால் குடுக்கலை? உடனே குடுங்கம்மா. ரெண்டு மணி நேரத்துல இறங்கலைன்னா பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"குளிசை குடுத்தால் அவ கோவிச்சுக்கொண்டு போயிடமாட்டாவோ?"

"யாரும்மா?"

"நீங்கள் ஊசியாலை விட்டவ."

டொக்டர் சிரிப்பாளோ என்று யோகம்மா நினைத்தாள். சிரிக்கவில்லை.

"போகமாட்டாங்கம்மா. மாத்திரை காய்ச்சலை மட்டும்தான் குறைக்கும். அவங்க வேலையை அவங்க பார்ப்பாங்க."

யோகம்மா பானைக்குள் முழங்கைவரை கைவிட்டுத் துழாவினாள். மட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வேப்பங்குழையைப் பார்த்தாள். "நீ போகாமல் இரணை தாயே. இந்த மனுசனால ஏலாமல் கிடக்கு," என்று சொல்லிவிட்டு வந்து, அவர் தலையை மடியில் தாங்கிக் குளிசையைக் கொடுத்தாள்.

விளக்கு வைத்துக் கனநேரம் ஆகுமுன்னே வியர்வை கொட்டியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். உடம்பு குளிர்ந்தது. அவர் கண் திறந்தார்.

"பனடோல் முடியேல்லை," என்றாள். "ஒளிச்சு வைச்சனான்."

"தெரியும். பானை மூடி தட்டுப்பட்டுக் கேட்டது. காலமை காய்ச்சல் தொடங்கின கையோடை ஆரும் போய் அரிசியைக் கிளறுவினமோ?"

"பிறகேன் பேசாமல் கிடந்தனீங்கள்?"

"நீர் அவவோடை பேரம் பேசிக்கொண்டிருந்தீர். குழப்பக்கூடாதெண்டு விட்டனான்."

அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. கட்டு மாற்ற வேண்டியிருந்தது. டொக்டர் தந்த கையுறையை மாட்டிக்கொண்டு தொடையில் கிடந்த துணியை எடுத்தாள். கட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன. விரலால் மெல்ல அமர்த்தினாள். ஒன்று கொஞ்சம் இளகினதுபோல் இருந்தது. கையுறைக்குள்ளிருந்து எதைத்தான் நம்புவது?

"என்ன மாதிரி?" என்றார்.

"தெரியேல்லை. அடுத்த ஊசிக்குப் போகேக்கை பாப்பினம்."

"தலைக்குத் தண்ணி வார்த்து அவவை அனுப்பிப்போட்டு ஒரு மீன் பொரியுமன்."

"வேலை முடியேல்லை. அதுவரைக்கும் மச்சமில்லை."

பழைய குழை வாடியிருந்தது. அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரும், வாசலிலை அவவுக்கும் ஒரு பனடோல் வையும். பாவம், நாள் முழுக்க வேலை செய்தவ."

"வாயைப் பொத்துங்கோ எண்டு சொன்னனான்," என்றாள் யோகம்மா. வேம்படிக்குப் போகும்வரை அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.