ஒன்றரை மணி நேரத்து அண்ணன்

என் மனைவி அமிர்தத்துக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், வீரமலை. பிறந்த வீடு ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில். அப்பா அம்மா போனபின் அதுவும் கைமாறிவிட்டது. மச்சான் கொழும்பில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். போகும்போது ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதை இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மெட்ராஸ்னா ராத்திரி பூரா ரயில்ல கெடக்கணும். கொழும்பு பிளேன்ல ஒன்றரை மணி நேரம். நீ கூப்பிட்டா சோறு வடிக்கிறதுக்குள்ள வந்து நிப்பேன் தங்கச்சி."

அதிலிருந்து எங்கள் காட்டூர் வீட்டுக்கு மேலே எந்தப் பிளேன் போனாலும் வாசலுக்கு ஓடுவாள். "அது மெட்ராஸுக்குப் போவுதுடி" என்று கேலி செய்வேன். முறைப்பாள். மச்சான் ஒரே ஒரு தடவை வந்தார், அதுவும் கப்பலில். பிளேன் டிக்கெட் விலை அவருக்கல்லவா தெரியும்!

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அமிர்தத்துக்குக் காமாலை முற்றியது. சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். தந்தி கொடுத்தேன். நாளைப் பிளேனில் வருவதாகப் பதில் வந்தது.

"அண்ணன் மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேங்க. அது போதும்" என்றாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு மயிலம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். ஐந்து மைல். பிளேன் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மச்சானும் இறங்கினார். ஆனால் வெளியே விடவில்லை.

அம்மை குத்திய சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டதாம். தந்தியைக் கண்ட பதற்றத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. நாங்களும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தவிர எதையும் யோசிக்கவில்லை. சில நாள் தனியாக வைத்திருந்துதான் அனுப்புவார்களாம். "சாகக் கெடக்குறா சார்!" என்று கத்தினேன். "ஊர்ல அம்மை பரவினா யாருங்க பதில் சொல்றது?" என்றார் சுகாதார அதிகாரி. நியாயம்தான். ஆனாலும் அவரை அடிக்கலாம் போலிருந்தது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மச்சான் அழுதார். "கடலத் தாண்டி வந்துட்டேன் மாப்ளே. இந்த அஞ்சு மைலுக்கு வழியில்லையே." அவர் பெட்டியிலிருந்து ஒரு சேலையை மட்டும் மருந்து தெளித்து வெளியே கொடுத்தார்கள். நல்ல குங்கும நிறம். "தங்கச்சியக் கட்டிக்கச் சொல்லுங்க. வந்து பாக்கறேன்னு சொல்லுங்க."

என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து, "அண்ணனா?" என்றாள். பிளேன் போனது அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"பின்னால வராரு. சேலைய முன்னாடி அனுப்பிச்சாரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

சேலையைத் தடவிப் பார்த்தாள். மருந்து வாசனை அடிக்கிறதே என்றாள். பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தப் பார்வை அப்படியே நின்றுவிட்டது.

எங்களில் பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலையைப் போர்த்தாமல் பெண்ணைப் பாடையில் ஏற்றமாட்டார்கள். அண்ணன் வராமல் கோடிக்கு எங்கே போவது என்று கூடியிருந்த பெண்கள் கேட்டார்கள். நான் அந்தச் சேலையை எடுத்து மயிலம்மாளிடம் கொடுத்தேன். அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

எல்லாம் முடித்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மச்சானைப் பார்க்கப் போனேன். தூரத்திலிருந்தே என்னைக் கண்டு வேலியருகே ஓடி வந்தார்.

"சேலை கட்டிக்கிட்டாளா மாப்ளே?"

"போத்திவிட்டோம் மச்சான்" என்றேன்.