எண்பத்தெட்டாம் நாள்

காலையில் நான் பையைக் கீழே வைப்பதற்குள் கண்காணிப்பாளர் என் மேசையில் ஒரு கோப்பைப் போட்டார்.

"எண்பத்தெட்டு. மதியத்துக்குள்ள ஒரு கேள்வி போட்டுடும்மா."

நிலத்தடித் தண்ணீர் எடுக்க உரிமம் கேட்டு வருகிற விண்ணப்பத்துக்கு எங்கள் அலுவலகம் தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போனால் நாள் கணக்கு நின்றுவிடும். பதில் வந்ததும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். மூன்று வருடமாக ஒரு கோப்பும் கெடு தாண்டவில்லை என்று மேலிடம் பாராட்டியிருக்கிறது. கேள்விகளை எழுதுவது நான். வேதியியல் படித்தவள் என்பதால் நம்பும்படி இருக்கின்றனவாம்.

கோப்பு ஒரு சலவைக்கூடத்துடையது. முதல் முறை தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கேட்டிருந்தேன். வந்த அறிக்கை எங்கள் அலமாரியிலேயே கிடந்து மூன்று மாதம் பழசானதால், அடுத்த முறை புது அறிக்கை கேட்டேன். இப்போது ஆழ்துளைக் கிணற்றின் ஆழம், மோட்டாரின் திறன், கழிவுநீர்த் தொட்டியின் வரைபடம் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் சரி. ஒரு வரி தட்டினேன். அழித்தேன். இன்னொன்று தட்டினேன்.

பதினோரு மணிக்குச் சலவைக்கூடத்துக்கார அம்மாவே வந்து எதிரில் உட்கார்ந்தார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிறாராம். லாரித் தண்ணீர் வராத நாளில் துணி தேங்கிவிடுகிறது. இந்த மாதக் கடைசிக்குள் உரிமம் காட்டாவிட்டால் ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். கூட ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். யார்மேலும் குறையில்லாமல், பக்கத்து வீட்டுக் கதைபோலச் சொன்னார்.

"ரெண்டு கடுதாசியும் நீ எழுதினதாம்மா?"

தலையசைத்தேன்.

"என் மருமகன் படிச்சுட்டு, 'அத்தை, இவங்க நம்ம கிணத்துக்குள்ளயே இறங்கிப் பாத்திருக்காங்க'ன்னான்." சிரித்தார். "இன்னும் ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேட்டுடு. வாயாலயே சொல்லிட்டுப் போயிடறேன்."

"கேக்க ஒண்ணும் இல்லைங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

"கேள்வி ஆச்சாம்மா?" என்றார் கண்காணிப்பாளர், தன் இருக்கையிலிருந்தே. அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக அடங்கியது.

கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். உரிமத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் அறை மாடியில். கூப்பிடாமல் அங்கே போனதே இல்லை. கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினேன்.

அதிகாரி நிமிரவில்லை. "யார் அனுப்பினா?"

"நானேதான் சார். இதுல... கேக்க எதுவும் மிச்சமில்லை."

அவர் பக்கங்களைப் புரட்டினார். என் இரண்டாவது கடிதத்தில் நின்றார். தேதியைப் பார்த்தார். முதல் கடிதத்துக்குத் திரும்பிப் போனார். பேனா மூடியைக் கழற்றினார்.

படிக்கட்டில் கண்காணிப்பாளரின் செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் ஏறி வந்தது. பேனா முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றிருந்தது.