அரசியின் வலது கை

அரசி விஷம் குடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அரசியாக நடிக்கும் பார்னபிக்கு அதற்குள் தூக்கம் சொக்கியது.

"தலையை நிமிர்த்துடா. கழுத்துல பூசணும்," என்றாள் ஜில்லியன்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த அந்த நாடகக் கொட்டகையில் வேஷம் போட்டுவிடுபவள் அவள். பெண்கள் மேடையேறாத காலம் அது. காரீய வெள்ளை என்ற முகப்பூச்சுப் பொடியை முட்டையின் வெள்ளைக்கருவில் குழைத்து, ஆறு வருஷமாக அவனைப் பெண்ணாக்கி வந்தாள். இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"வயிறு பிசையுதுக்கா."

"நேத்து சிப்பி தின்னே இல்ல?"

"நேத்து சிப்பி, முந்தாநேத்து விலாங்கு மீனு. உனக்கு தினம் ஒரு காரணம்."

அவனுடைய வலது மணிக்கட்டு நிமிரவில்லை. ஒரு வாரமாகச் சட்டைக்கைக்குள் குச்சி வைத்துக் கட்டி அதை மறைத்தாள். முதலாளி ஹர்லாக்குக்குத் தெரிந்தால் வேஷம் போய்விடும். பார்னபிக்கு வேறு பிழைப்பு இல்லை.

இப்படி ஒரு கையை ஜில்லியன் முன்பே பார்த்திருக்கிறாள். யாருடையது என்று அவனிடம் சொல்லவில்லை.

மேடையில் கோப்பையைத் தொட்டபோது குச்சி நழுவியது. கை தொங்கியது. கோப்பை உருண்டு, விஷமாக ஊற்றியிருந்த பீர் பலகையில் ஓடியது. அரசி இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ராஜாவாக நின்ற ஹர்லாக் சமாளித்தார். "ஐயோ, கோப்பையின் விளிம்பிலேயே விஷம்!"

மற்ற நாடகங்களில் கையுறையிலும் ஓவியத்திலும் தடவிய விஷத்தைத் தொட்டே ஆட்கள் சாவதைப் பார்த்துப் பழகிய கூட்டம் அது. உடனே நம்பியது. அரசி விழுந்து செத்ததும் கொட்டகையே அலறியது. நாடகம் முடிந்ததும் வழக்கம்போல் செத்தவர்கள் எல்லாம் எழுந்து ஆடினார்கள்.

ஹர்லாக் உள்ளே ஓடிவந்தார். "கழுதை, இதை எங்கேடா கத்துக்கிட்டே? இனிமே தினமும் தொட்டவுடனே கை தொங்கணும். ஜில்லியன், நாளைக்கு இவனுக்கு ரெண்டு பூச்சு போடு. மூஞ்சி பிணம் மாதிரி இருக்கணும்."

அவர் போனதும் பார்னபி களைப்பாகச் சிரித்தான். "பிழைச்சேன்கா. இனிமே குச்சிகூட வேண்டாம்."

ஜில்லியன் ஈரத்துணியால் அவன் கன்னத்தைத் துடைத்தாள். துணியில் வெள்ளை அப்பியது.

"என் வீட்டுக்காரர் கையும் இப்படித்தான் தொங்குச்சு."

"சொன்னதே இல்லையே. அவரும் நடிகரா?"

"இல்லடா. காரீயத்தைக் காடிப் பானையில வச்சு இந்த வெள்ளையை எடுக்கிற வேலை. முதல்ல வயிறு வலிச்சுது. அப்புறம் மணிக்கட்டு. ரெண்டு வருஷத்துல போயிட்டாரு."

அவன் வெள்ளை குழைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"நான் உனக்குப் பூசுறது விஷம், பார்னபி."