இரண்டு தரம் கூப்பிட்டவள்

மேஜர் நல்லதம்பி பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். 1956இல் வியட்நாமில், சண்டை ஓய்ந்த எல்லை ஆற்றங்கரையில், சர்வதேசக் கமிஷனின் வெள்ளை ஜீப்பில் உட்கார்ந்து, இரு பக்கத்தாரில் யாராவது ஒப்பந்தத்தை மீறுகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. பார்த்ததை மேலே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதர், லீவில் ஸ்ரீரங்கத்துக்கு வந்ததிலிருந்து உச்சி வேளையானால் கதவைச் சாத்திக்கொண்டார். கொள்ளிடக் கரையோரம் வீடு. பிள்ளை குட்டி இல்லை. அவரும் மனைவி செல்லக்கிளியும்தான். "பட்டாளத்துக்காரரு வெயிலுக்குப் பயப்படுறாரு பாரு" என்று அக்கம்பக்கம் சிரித்தது. சிரிக்கட்டும். அவர்களுக்கு அந்தக் குரல் கேட்கவில்லையே.

கரை நாணலுக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். இரண்டே தரம். பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும்.

ஒரு நாள் அது செல்லக்கிளிக்கும் கேட்டுவிட்டது. கையிலிருந்த கரண்டி நழுவியது.

"யாருங்க அது? நம்ம பாஷையே இல்லியே!"

மேஜர் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆற்றிலும் உச்சி வேளைதான். கூட இருந்த போலந்துக்காரரும் கனடாக்காரரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாணலுக்குள் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். முகம் தெரியாத குரல் உச்சியில் கூப்பிட்டால் மூன்றாம் தரம்வரை ஏன் என்று கேட்கக் கூடாது, பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்று திருச்சிப் பக்கம் வளர்ந்த எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? மெடல் குத்திய நெஞ்சுக்குள் அந்தப் பிள்ளைதான் இன்னும் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. சாயங்காலம் படகுக்காரர்கள் ஒரு தாயின் உடலைக் கரையேற்றினார்கள். அவளோடு முழுகிய சின்ன மகன் கிடைக்கவே இல்லை.

"என்ன நடந்துச்சுன்னு மேலதிகாரி கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன், செல்லக்கிளி."

மறுநாள் உச்சியில் குரல் வாசலுக்கே வந்துவிட்டது. மேஜர் எழுந்தார். செல்லக்கிளி அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. மூணாந்தரம் கூப்பிடட்டும். இப்ப பதில் சொன்னா உங்களக் கொண்டுபோயிடும்."

இரண்டாம் தரமும் கேட்டது.

"மூணாந்தரம் கூப்பிட அவளுக்கு மூச்சு இல்லம்மா" என்றார் மேஜர். கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தார். "இதோ வந்துட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

வாசலில் யாரும் இல்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவரைக் கொண்டுபோகவும் எதுவும் வரவில்லை. செல்லக்கிளிதான் முதலில் தரையைப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து ஈரக் காலடிகள், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு சின்னவை, வீட்டுக்குள் போயிருந்தன. திரும்பி வெளியே வந்த தடம் இல்லை.

 அவள் கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு, தடம் போன அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"ஈரத்தோட நிக்காத கண்ணு. தலையத் துவட்டி விடுறேன், வா."